இலையை எரிக்காதே, சரி... எங்கே போடுவது?



நான் பிளஸ் டூ வரை படித்த இல்லத்தரசி. வயது 36. சென்னைப் புறநகரில் வாசம். கணவர், மாமியார், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் என்று அளவான குடும்பம். இதுவரை சமையல் குறிப்பும், வீட்டுக் குறிப்பும்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை கொஞ்சம் பெரிய விஷயம். ஆனாலும் எல்லார் வீட்டு வாசலிலும் நடப்பதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷம் மாசி மாதம். விடிகாலை ஐந்தரை மணி. மகன் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு வீசிங் தொந்தரவு உண்டு. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம். ஜன்னலைத் திறந்தால் மூஞ்சியில் அடிக்கிறது புகை! தெருமுனையில், வேப்பிலைச் சருகை மலை போலக் குவித்து, தெரு பெருக்கும் அக்கா தீ வைத்திருந்தார். சருகோடு பால் கவர், பிஸ்கட் கவர் எல்லாம் சேர்ந்து பொசுங்கிக் கொண்டிருந்தது.

நெபுலைசர் வைத்தும் அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மதியம் வரை அங்கேதான். வீடு திரும்பியதும் எனக்கு வந்த கோபத்தில், புகார் எண்ணுக்குப் போன் செய்து, தெரு, நேரம் எல்லாம் சொல்லி, "ஆக்‌ஷன் எடுக்கணும்" என்று கறாராகச் சொன்னேன்.

ஆக்‌ஷன் எடுத்தார்கள். யார் மேல் தெரியுமா? நான்கு நாள் கழித்துத்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். முகம் கொடுக்காமல் பெருக்கினார். நானே போய்ப் பேசினேன்.

"ரெண்டு நாள் வேலைக்கு வராதேன்னுட்டாங்கம்மா. ரெண்டு நாள் சம்பளம் போச்சு. உம் புள்ளைக்கு முடியலைன்னு தெரிஞ்சா நான் ஏன் வைக்கப்போறேன்? இந்த இலையை ஏத்தினா வண்டி ஒரு தெருவுலயே ரொம்பிடுது. அப்புறம் வீட்டுக் குப்பையை எங்க போடுறது? இலையை அப்படியே விட்டா, ஏன் பெருக்கலைன்னு நீங்கதானே கேக்கறீங்க?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. போன வாரம்தான் எதிர் வீட்டு அம்மாவோடு சேர்ந்து, "வாசலெல்லாம் சருகாக் கிடக்கு, நல்லாப் பெருக்கறதில்லையா?" என்று அவரைக் கேட்டிருந்தேன். அந்த இரண்டு நாள் சம்பளத்தை நான் தருகிறேன் என்றேன். "காசு வேணாம்மா. இனிமே போன் போடறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை யோசிக்க ஆரம்பித்தேன். கணவரிடம் சொல்லி விவரங்களைத் தேடிப் படித்தேன். தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

இலை எரிக்கக் கூடாது என்பது புதிய சட்டம் ஒன்றும் இல்லை. 2000-ம் ஆண்டு வந்த நகரக் குப்பை விதிகளிலேயே, குப்பையையும் காய்ந்த இலைகளையும் எரிக்கக் கூடாது என்று இருந்தது. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் விளக்கமாகப் பேசின. தோட்டக் கழிவை அவரவர் வளாகத்திலேயே தனியாக வைத்திருந்து, உள்ளாட்சி சொல்கிறபடி அப்புறப்படுத்த வேண்டும் என்றன. தெரு பெருக்குபவர்கள் இலையை எரிக்காமல் தனியாகச் சேர்த்து, குப்பை எடுப்பவர்களிடம் ஒப்படைக்கும்படி உள்ளாட்சி சொல்ல வேண்டும் என்றன. பூங்காவில் விழும் இலையை, முடிந்தவரை பூங்காவிலேயே மக்க வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

அதே வருஷம் டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்ததை யாராவது மறப்போமா? சென்னையில் தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்து, இலையும் கிளையுமாக வழி அடைத்துக் கிடந்தது. சரியாகப் பத்து நாள் கழித்து, டிசம்பர் 22-ம் தேதி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் திறந்த வெளியில் குப்பை எரிக்கத் தடை போட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். தடை வந்த நேரத்தில் சென்னையின் தெருவெல்லாம் இலைக் குவியல்... எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்!

தடை தேவையா என்று கேட்டால், கட்டாயம் தேவை. என் பிள்ளை மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தவள் நான். இலை நன்றாகப் பற்றி எரிவதில்லை. அடியில் ஈரம் இருப்பதால் மணிக்கணக்கில் புகைந்து கொண்டே இருக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும், பி.எம். 2.5 என்கிற நுண்தூசியும் இருக்கும். இந்தத் தூசி நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு கூட இராதாம். மூக்கு முடியில் நிற்காமல் நேரே நுரையீரலின் அடி வரை போய்விடும். சருகோடு பிளாஸ்டிக் சேர்ந்து எரிந்தால் விஷம் இன்னும் கூடும். அதிலும் மார்கழி, தை, மாசி விடிகாலையில் காற்று அசையாமல் தரையோடு படுத்திருக்கும். புகை மேலே போகாது. 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டது நினைவிருக்கும். விமானத்துக்கே அந்த நிலை என்றால், திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கும், தொட்டில் குழந்தைக்கும்?

ஆகவே தடை சரிதான். தடைக்கு அப்புறம் என்ன என்பதில்தான் கோளாறு. "எரிக்காதே" என்று சொல்ல ஒரு தாள் போதும். எரிக்காத இலையை எடுத்துப் போக வண்டி வேண்டும், ஆள் வேண்டும், போட இடம் வேண்டும். இவை இல்லாமல் தடை மட்டும் வந்தால், தீக்குச்சி கிழிக்கிற நேரம்தான் மாறும். பகலில் எரித்தவர்கள் விடிகாலையில் எரிப்பார்கள். எங்கள் தெருவில் நடந்ததும் அதுதானே?

சரி, இலை அப்படி எவ்வளவுதான் விழுகிறது என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன். எங்கள் தெருவில் 22 வீடு. வேம்பு ஐந்து, புங்கை இரண்டு, வாதாம் ஒன்று, தூங்குமூஞ்சி மரம் ஒன்று. மாசிக் கடைசியில் ஒரே நாள் பெருக்கியதை, 25 கிலோ அரிசிச் சாக்கில் அமுக்கிக் கட்டினோம். ஆறு சாக்கு வந்தது. பழைய பேப்பர்காரர் தராசில் நிறுத்தால், ஒரு சாக்கு நான்கு கிலோ கூட இல்லை. ஆறும் சேர்ந்து இருபது, இருபத்திரண்டு கிலோதான்! 22 வீட்டுச் சமையலறைக் கழிவும் ஏறக்குறைய அதே எடைதான் வரும். ஆனால், அது இரண்டு டிரம்மில் அடங்கிவிடும். இலைக்கோ வண்டியே போதாது. ஆக, இலையின் பிரச்னை கனம் இல்லை... இடம். அந்த அக்கா நாலே வார்த்தையில் சொன்னது, எனக்குத் தராசு வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

'அப்படியென்றால் பெரிய லாரி விட்டு அள்ளிப் போகட்டுமே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கே கொண்டு போவார்கள்? சென்னையின் குப்பை பல வருஷங்களாகக் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும்தான் போனது. மற்றக் குப்பையோடு சேர்ந்து அடியில் புதைந்த இலை, காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வாயு வரும். அது தீப்பிடிக்கும் வாயு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பை மேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது. பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் அந்தக் கதையைச் சொல்வார்கள். நம் தெருவில் எரியாதது அங்கே போய் எரிந்தால், நாம் புகையை ஒழித்ததாக அர்த்தமா? இன்னொரு பிள்ளையின் ஜன்னலுக்கு அனுப்பி வைத்ததாகத்தான் அர்த்தம். அந்த மேட்டைத் தோண்டி, சலித்து, பிரிப்பதற்குச் சுமார் 350 கோடி ரூபாய் செலவிலும், கொடுங்கையூருக்கு 640 கோடி அளவிலும் திட்டம் போட வேண்டி வந்தது. எல்லாம் நம் வரிப் பணம். முதலிலேயே பிரித்திருந்தால் பாதித் தொல்லை மிச்சம்.

இதையெல்லாம் மாமியாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"எங்க காலத்துல இலையைக் குப்பைன்னு யார் சொன்னா? கொல்லையில எருக்குழி இருக்கும். சாணி, சாம்பல், சருகு எல்லாம் அதுலதான். தென்னை ஓலையைக் கீத்து முடைவோம். ஈர்க்கு விளக்குமாறாகும். மட்டையும் பன்னாடையும் வெந்நீர் அடுப்புக்கு. ஒண்ணும் வாசலைத் தாண்டாது" என்றார்.

உண்மைதானே! கேஸ் வந்தது, ஹீட்டர் வந்தது, வெந்நீர் அடுப்பு போனது. கொல்லையில் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டோம், எருக்குழி போனது. மரம் மட்டும் பழையபடி இலை உதிர்த்துக் கொண்டிருக்கிறது. நிழல் நமக்கு வேண்டும், இலை வேண்டாம் என்கிறோம்.

பேசிக் கொண்டே இருந்தால் போதாது என்று, தெருவில் ஐந்து பெண்கள் சேர்ந்தோம். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலின் பின்பக்கம் கொஞ்சம் இடம் கிடந்தது. தர்மகர்த்தா ஐயாவிடம் கேட்டு, கோழி வலையை மார்பு உயரத்துக்கு வட்டமாக நிறுத்தி, சருகைக் கொட்டினோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால்... போட்ட சருகு போட்டபடியே மொறுமொறு என்று இருக்கிறது! "பாம்பு வரும்" என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்ததுதான் மிச்சம்.

மாமியார் வந்து பார்த்துவிட்டு, "தண்ணி காட்டாம, சாணிப்பால் தெளிக்காம இலை எப்படிம்மா மக்கும்?" என்றார். அவர் சொன்னபடி மறுபடி செய்தோம். இரண்டு கூடை சருகுக்கு ஒரு கூடை காய்கறித் தோல், வாடின பூ என்று அடுக்கடுக்காகப் போட்டோம். நடுநடுவே சாணிக் கரைசலோ, புளித்த மோரோ தெளித்தோம். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும், சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். காற்றுப் பட்டால் நாற்றம் வராது, கிளறுகிற இடத்தில் பாம்பும் தங்காது. இரண்டு வாரத்தில் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். சுடச்சுட இருந்தது! நுண்ணுயிர்கள் வேலை செய்கிற சூடாம் அது. பங்குனியில் போட்டது ஆனியில் மண் வாசனையோடு கறுப்பாகிவிட்டது. மார்பு உயரம் இருந்த குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கி இருந்தது. கோயில் செம்பருத்திக்கும் அரளிக்கும் போட்டது போக, வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொண்டோம்.

'ஆஹா, இவ்வளவுதானா!' என்று நினைத்து விடாதீர்கள். நம் கையால் ஆகாததும் நிறைய உண்டு. எங்கள் கூண்டு, தெருவின் இலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்கியது. வாதாம் இலை, மா இலை தடிமன், மக்க நாளாகும். தென்னை மட்டை எளிதில் மக்காது, இயந்திரத்தில் அரைத்தால்தான் சீக்கிரம் மக்கும். மழைக்காலத்துக்கு முன் கரண்ட் கம்பியில் இடிக்கிறது என்று கிளைகளை வெட்டுகிறார்கள். வெட்டுபவர்கள் ஒரு துறை, அள்ளுபவர்கள் ஒரு துறை. நடுவில் வாரக்கணக்கில் கிளை நடைபாதையில் கிடக்கிறது. கொல்லையே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் எங்கே கூண்டு வைப்பார்கள்? எல்லாவற்றையும் 'பொதுமக்கள் ஒத்துழைப்பு' என்று நம் தலையில் கட்டினால் நடக்காது. நகரம் செய்ய வேண்டியதை நகரம்தான் செய்ய வேண்டும்.

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, இலைக்குத் தனி நாள். வருஷம் முழுக்க வேண்டாம். மாசி முதல் சித்திரை வரை இலை கொட்டுகிற காலத்தில், வாரம் ஒரு நாள், ஒவ்வொரு தெருவுக்கும் இலை வண்டி மட்டும் வரட்டும். என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், சாக்கில் கட்டி வைக்க நமக்கு என்ன கஷ்டம்?

இரண்டாவது, அரைக்கும் இயந்திரம். இலையின் தொல்லை இடம்தான் என்று சொன்னேன் அல்லவா? அரைத்துவிட்டால் இடம் வெகுவாகக் குறைந்துவிடும், சீக்கிரம் மக்கவும் செய்யும். சென்னையில் 200 வார்டு இருக்கின்றன. வார்டுக்கு ஒன்று முடியாவிட்டாலும், மண்டலத்துக்குச் சில இயந்திரங்களை வண்டியில் வைத்துச் சுற்றிவரச் செய்யலாமே?

மூன்றாவது, பூங்காவின் இலை பூங்காவை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு மூலையில் குழியோ கூண்டோ போட்டால், அந்தப் பூங்காவுக்கே உரம். பக்கத்துத் தெருக்காரர்களும் கொண்டு வந்து போடலாம்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். அபராதமும் தண்டனையும் கடைசி ஆளின் தலையில் மட்டும் விழக் கூடாது. டெல்லியை ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன். அங்கே 2015 ஏப்ரலிலேயே, இலையோ குப்பையோ எரித்தால் 5,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஆனாலும், குளிர்காலத்தில் காவலாளிகள் குளிர்காயத் தீ மூட்டினார்கள். பாவம், குளிரில் வேறென்ன செய்வார்கள்? பிறகு காற்று மாசுக்கான அவசரத் திட்டத்தில், குடியிருப்புச் சங்கங்கள் காவலாளிகளுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் மின்சார ஹீட்டர் தர வேண்டும் என்று சேர்த்தார்கள். 'ஏன் எரிக்கிறாய்?' என்று கேட்டதற்கும், 'எரிக்காமல் இருக்க உனக்கு என்ன தேவை?' என்று கேட்டதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! தெரு பெருக்குபவரிடமும் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

நம் பங்குக்கும் சில உண்டு, சகோதரிகளே. சருகோடு பால் கவரைச் சேர்த்துத் தள்ளாதீர்கள். கவர் கலந்த சருகு உரத்துக்கும் ஆகாது. சாக்கடைக்குள் இலையைத் தள்ளிவிட்டு, ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே என்று புலம்பாதீர்கள். செடி வைத்திருப்பவர்கள், தொட்டி மண்ணின் மேல் இரண்டு விரல் உயரம் சருகைப் பரப்பினால் கோடையில் ஈரம் காயாது. போகியன்று பழைய பாய், துணி, டயரை எரிக்காதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள். பழைய துணி இல்லாதவர்களுக்குப் போகட்டும். வீட்டில் என்ன சேர்கிறது, என்ன வெளியே போகிறது என்பது நம் கையில்தான் அதிகம் இருக்கிறது.

இந்த வருஷ மாசியிலும் இலை கொட்டியது. எங்கள் தெருவில் இரண்டாவது கூண்டும் வைத்துவிட்டோம். தெரு பெருக்கும் அக்கா இப்போது கவர்களைத் தனியாகப் பொறுக்கிவிட்டு, சருகைக் கூண்டுப் பக்கம் தள்ளி வைக்கிறார். அதற்கு அவருக்கு யாரும் கூடுதல் சம்பளம் தரவில்லை. கூண்டு நிரம்பியதும் மீதிச் சருகு மறுபடி தெருமுனையில்தான் நிற்கிறது. ஒருநாள் காலை அதைப் பார்த்துவிட்டு, "நான் தீ வைக்க மாட்டேம்மா. ஆனா இதை எங்க கொண்டு போகச் சொல்றே?" என்று கேட்டார்.

என் மகனுக்கு இந்த வருஷம் மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரவில்லை. அதற்கு அந்த அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவருடைய கேள்விக்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் காதில் விழட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

உங்கள் தெருவில் இலை எங்கே போகிறது? ஒருநாள் விசாரித்துப் பார்த்து எழுதுங்களேன், சகோதரிகளே!

- சென்னைப் புறநகர் வாசகி.